வேகம் பெற்ற பச்சை மேசை

பச்சைக் கம்பளித் துணி போர்த்த பில்லியர்ட்ஸ் மேசையிலே பந்தொன்று ஓடி, எதிர் விளிம்பிற் பட்டு, மீண்டும் வந்த திசைக்கே திரும்புவதைக் காண்போர், அதனைச் செலுத்தியவனின் கைத்திறனையே வியப்பர். கை கொடுத்த விசையை வீணாக்காது பேணித் திருப்பித் தரும் மேசையை வியப்போர் சிலரே. ஆயினும், இவ்விளையாட்டின் வரலாற்றை நோக்கின், ஆடுவோரின் திறன் சிறப்பதற்கு மேசையின் வேகம் முதலிற் சிறக்க வேண்டியிருந்தது என்பது புலனாகும். மந்தமான மேசையிலே வல்லவனும் தடுமாறுவான். சாய்ந்த மேசையிலோ வல்லவனுக்கும் கல்லாதவனுக்கும் வேறுபாடே இல்லாது போகும்.

பில்லியர்ட்ஸ் ஆதியிலே ஐரோப்பாவின் புல்வெளிகளில் ஆடப்பட்ட விளையாட்டு. பதினைந்தாம் நூற்றாண்டளவில் அது மனைக்குள் நுழைந்து மேசைமீது ஏறியது. மேசையை மூடிய துணியின் பச்சை நிறம் பழைய புல்வெளியின் நினைவாக நிலைத்தது என்பர். ஆனால், புல்வெளியின் குறைகளும் நிறத்தோடு கூடவே வந்துவிட்டன. மேசையின் தளம் மரப்பலகைகளால் ஆனது. மரம் ஈரக்காலத்தில் ஊதும். வறண்ட காலத்திற் சுருங்கும். இன்று நேராக இருந்த தளம் அடுத்த பருவத்தில் வளைந்து நிற்கும். விளிம்புகளோ கம்பளித் துணிக்கீற்றுகளும் பஞ்சுத் துணுக்குகளும் திணித்துத் தைக்கப்பட்டவை. அவற்றில் மோதிய பந்து பாதி உயிரோடுதான் திரும்பியது. ஆக, பந்தின் விசையைக் களவாடும் கள்வர் மூவர் இருந்தனர்: தளம் ஒருவன், விளிம்பு ஒருவன், துணி ஒருவன். மேசையின் வரலாறு என்பது இம்மூவரையும் ஒருவர்பின் ஒருவராக அடக்கிய வரலாறே.

முதலிரு கள்வரையும் அடக்குவதில் முன்னின்றவர் இலண்டனில் மேசை செய்து வந்த ஜோன் தேர்ஸ்டன் என்பவர். 1799ஆம் ஆண்டில் தளபாடத் தொழிலைத் தொடங்கிய அவர், பின்னர் பில்லியர்ட்ஸ் மேசைகளையே தமது சிறப்புத் தொழிலாகக் கொண்டார். 1826ஆம் ஆண்டில் அவர் மரத்தளத்தை நீக்கிக் கற்பலகைத் தளத்தைக் கையாண்டார். பள்ளிச் சிறுவர் எழுதிப் பழகிய அதே இனக் கல்தான் அது. மெல்லிய தகடுகளாகப் பிளக்கும் இயல்புடைய அக்கல்லைத் தேய்த்துச் சமமாக்கின், அது ஈரத்தில் ஊதுவதில்லை, வெயிலில் வளைவதுமில்லை. பன்னிரண்டு அடி நீளமுள்ள முழுமேசைக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலத் தடிப்புள்ள ஐந்து கற்பலகைகள் தேவைப்பட்டன. அவற்றின் பெரும் பாரமே ஒரு நன்மையாயிற்று. கனத்த மேசை அதிர்வதில்லை. அதிராத மேசை பந்தின் விசையை உறிஞ்சுவதுமில்லை.

தளம் திருந்திற்று, விளிம்பு திருந்தவில்லை. துள்ளும் தன்மையுள்ள இறப்பரை விளிம்புக்குள் வைத்தால் என்ன என்ற எண்ணத்தால், 1835ஆம் ஆண்டளவில் தேர்ஸ்டன் இறப்பர்க் குஷன்களைச் செய்தார். வெப்பமான நாளில் அவை அற்புதமாகத் தொழிற்பட்டன. ஆனால், அக்காலத்து இறப்பர் பதப்படுத்தப்படாத பச்சை இறப்பர்; குளிர் வந்ததும் அது மரக்கட்டைபோல் இறுகிப் போனது. இங்கிலாந்தின் மாரிக்காலமோ நீண்டது. ஆட்டம் பெரிதும் நடைபெற்றதும் அந்த மாரியிலேயே. ஆதலால், ஆட்டம் தொடங்குமுன் வெந்நீர் நிரப்பிய உலோகக் கலங்களை விளிம்புகளின் ஓரமாக வைத்து, இறப்பருக்குச் சூடேற்ற வேண்டியதாயிற்று. நீர் ஆற ஆற மேசையும் மந்தமாகும். ஒரே மாலைப்பொழுதில், முதல் ஆட்டத்தை ஒரு மேசையிலும் கடைசி ஆட்டத்தை வேறொரு மேசையிலும் ஆடியது போன்ற நிலை ஏற்பட்டது. வேகம் இருந்தது, அதில் நிலைபேறு இல்லை. நிலைபேறற்ற வேகம் ஆடுவோனுக்கு மந்தத்தினும் பெரிய இடர்.

இத்தொல்லைக்கு மருந்து கடல் கடந்த அமெரிக்காவில் உருவாகிக் கொண்டிருந்தது. சார்ள்ஸ் குட்யியர் என்பவர் வறுமையிலும் கடனிலும் உழன்றபடியே இறப்பரைப் பதப்படுத்தும் வழியைப் பல ஆண்டுகள் தேடினார். கந்தகம் கலந்த இறப்பர் சூடான அடுப்பிற் பட்டபோது அது உருகாமல் உறுதி பெற்றதை 1839ஆம் ஆண்டில் அவர் கண்டார் என்பது வழங்கும் செய்தி. 1844ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றார். இங்கிலாந்தில் தோமஸ் ஹன்கொக் என்பவரும் அதே முறைக்கு உரிமை பெற்றுக்கொண்டார். கந்தகத்தோடு சூடேற்றிய இறப்பர் குளிரில் இறுகுவதில்லை, வெப்பத்தில் இளகுவதுமில்லை. தேர்ஸ்டன் காலந் தாழ்த்தவில்லை. 1845ஆம் ஆண்டில், பதப்படுத்திய இறப்பரால் ஆன, குளிருக்கு அஞ்சாத குஷன்களை அவர் வெளிக்கொணர்ந்தார். வெந்நீர்க் கலங்களுக்கு வேலை இல்லாது போயிற்று. குட்யியரோ 1860ஆம் ஆண்டிலே பெருங்கடனை விட்டு மறைந்தார். செல்வர் மாளிகையிற் பந்து துள்ளி விளையாட வழிசெய்த கண்டுபிடிப்பு, கண்டவனின் இல்லத்தில் வறுமையைப் போக்கவில்லை.

மூன்றாவது கள்வன் துணி. அவனை முற்றாக ஒழிக்க இயலாது. துணியின்றேல் பந்துக்குப் பிடியில்லை. இங்கிலாந்தில் ஸ்ரவுட் பள்ளத்தாக்கின் ஆலைகளும், பெல்ஜியத்தில் வேர்வியே நகரத்து ஆலைகளும் இத்துணியைச் செய்வதிற் பெயர் பெற்றன. ஆங்கில மேசைத் துணிக்கு ஒரு திசையிற் சாய்ந்த மென்மயிர் உண்டு. அம்மயிர் சாயும் திசையில் ஓடும் பந்து இலகுவாகச் செல்லும். எதிரே ஓடும் பந்து வேகங் குன்றி விலகும். பூல் ஆட்ட மேசைகளுக்கோ சீவி நூற்ற கம்பளியால் நெய்த, மயிரற்ற துணியையே பெரிதும் பயன்படுத்துவர். அதன்மீது பந்து விரைந்து ஓடும்.

இவ்வரலாற்றை அறிந்தவன், தன் இல்லத்து மேசை மந்தமாகி விட்டது என்று வருந்தும்போது, எங்கே தேடவேண்டும் என்பதையும் அறிவான். முதலில் தளம்: மட்டப்பலகை கொண்டு நாற்புறமும் அளந்து, கால்களைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து விளிம்பு: குஷன் சட்டங்களைத் தளத்தோடு பிணைக்கும் ஆணிகள் தளர்ந்திருப்பின், எத்துணை நல்ல இறப்பரும் பயன் தராது. ஆணிகளை இறுக்கிய பின்னும் பந்து சோர்ந்து திரும்பினால் இறப்பரே முதுமையால் இறுகிவிட்டது என்க. அதனை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. மாற்றும்போது உயரத்தைக் கவனிக்க வேண்டும். பூல் மேசையில் குஷனின் முனை பந்தின் விட்டத்தில் ஏறத்தாழ 63.5 வீத உயரத்தில் நிற்க வேண்டுமென்பது உலக விதி. அதனினும் உயர்ந்தால் பந்து கீழ்நோக்கி அழுத்தப்பட்டு வேகம் இழக்கும். தாழ்ந்தாற் பந்து மேலெழும்பும். மூன்றாவது துணி: தளர்ந்து கிடப்பதை இழுத்துக் கட்டி, தூசியை அகற்றி, மயிருள்ளதாயின் அது சாயும் திசையிலேயே தூரிகையால் நீவிவிட வேண்டும். செப்பமான மேசையில், உறுதியாக அடித்த பந்து நான்கு முதல் நாலரை மேசை நீளம் வரையாவது ஓட வேண்டும். மேசையின் நலத்தைச் சோதிக்க அதுவே எளிய அளவுகோல்.

இலங்கைக்கும் இக்கதையில் ஓர் இடமுண்டு. ஒருகாலத்தில் பச்சை இறப்பரை மரக்கட்டையாக்கிய குளிர் கொழும்பில் இல்லை. ஆனால், கம்பளி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும். அக்கனம் பந்தின் காலைப் பிடிக்கும். ஈரக்காற்றோடு போராடும் கடற்கரை நகரங்களில் மேசையைப் பேணுவது நாள்தோறும் செய்யும் பணியாகும். அத்தகைய கொழும்பு நகரிலே 1967ஆம் ஆண்டில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டி நடைபெற்றது. ஆறு ஆண்டுகளின் பின், 1973இல், பம்பாயில் நிகழ்ந்த அதே போட்டியில் இலங்கையின் எம். ஜே. எம். லாபிர் உலகப் பட்டத்தை வென்றார்.

வென்றவனின் பெயர் பட்டியலில் நிற்கும். கல்லைத் தேய்த்துச் சமமாக்கியவனும், இறப்பரோடு மல்லாடிக் கடனாளியாக இறந்தவனும், ஒவ்வொரு காலையும் துணியை நீவிவிடும் பணியாளனும் அப்பட்டியலில் இரார். ஆயினும், அவர்கள் ஆட்டத்திற்கு ஈந்தது வெறும் வேகமன்று. ஆடும் இருவருக்கும் ஒரே மேசை, ஒரே நீதி. தோற்றவன் மேசையைக் குறைகூற இடமின்றிச் செய்த வெற்றி அவர்களுடையதே.