லினக்ஸ் கணினியில் இடம் தீர்ந்துவிட்டால்: ஆவணங்களை இழக்காமல் வன்தட்டின் பிரிவுகளை மாற்றுவது எப்படி?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிவந்த ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை நல்ல மாற்றுவழி. ஆனால் விண்டோஸை அழிக்கப் பயந்து, வன்தட்டின் ஓரத்தில் 20 அல்லது 30 ஜிபியை மட்டும் லினக்ஸுக்குக் கொடுத்துவிட்டால் சிக்கல் பின்னால் வரும். லினக்ஸ் மின்ட் குறைந்தது 20 ஜிபி வேண்டும் என்கிறது. பரிந்துரைப்பதோ 100 ஜிபி. 20 ஜிபியில் நிறுவலாம், நெடுநாள் ஓட்டமுடியாது.

இடம் தீர்ந்தால் முதலில் புதுப்பிப்புகள் நின்றுபோகும். பிறகு ஒரு நாள் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் திரை இருண்டு, மீண்டும் கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே திரும்பும். வைரஸ் என்றோ வன்தட்டு பழுது என்றோ எண்ணிக் கடைக்குக் கொண்டுபோனால், “ஃபோர்மட் அடித்துத் தருகிறோம்” என்ற பதில் வரக்கூடும். அதற்குச் சம்மதிக்க முன் அந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்.

1995 இடப்பெயர்விலும் 2009 வன்னியிலும் வீட்டோடு ஆவணங்களையும் இழந்த குடும்பங்கள் பல. வெளிநாட்டு உறவினர் ஸ்கேன் செய்து அனுப்பிய கல்யாணப் படம், காணி உறுதியின் பிரதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு, அம்மம்மா சொல்லச் சொல்லப் பதிந்த காணொளி. இவற்றுக்கு மூலம் வேறெங்கும் இல்லாதபோது, கணினியில் கிடக்கும் கோப்புத்தான் மூலம். அதனால் இங்கே பிரதி எடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

எது நிரம்பியிருக்கிறது?

கணினி உள்ளே விடாவிட்டால், லினக்ஸ் மின்ட் நிறுவப் பயன்படுத்திய யூஎஸ்பியைச் செருகி அதிலிருந்தே கணினியை இயக்கலாம். நிறுவும் பொத்தானைத் தொடாதவரை வன்தட்டில் எதுவும் மாறாது. அங்கிருந்து உங்கள் கோப்புகளைப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம்.

உள்ளே போக முடிந்தால் ‘டிஸ்க் யூசேஜ் அனலைசர்’ என்ற மென்பொருளைத் திறந்து எந்தக் கோப்புறை பெருத்திருக்கிறது என்று பாருங்கள். மின்ட்டில் பெரும்பாலும் ‘டைம்ஷிஃப்ட்’ தான் காரணம். பணிசெயல் முறைமையை அது அவ்வப்போது பிரதி எடுத்து, வேறு இடம் காட்டாவிட்டால் அதே நெருக்கடியான பிரிவுக்குள்ளேயே அடுக்கி வைக்கும். பழையவற்றை அந்த மென்பொருளுக்குள்ளிருந்தே நீக்கினால் பல ஜிபி திரும்பக் கிடைக்கும். பழைய கேர்னல்கள், உபுண்டுவில் ஸ்னாப் செயலிகளின் முந்தைய பதிப்புகள், குப்பைத்தொட்டி ஆகியவையும் இடத்தைப் பிடிக்கும். இவ்வளவும் செய்தபின் கால்வாசி இடமாவது காலியானால் பிரிவுகளில் கைவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒரு சிறு விளக்கம்: ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 வீதத்தைத் தனக்கென ஒதுக்கி வைக்கும். 30 ஜிபி பிரிவில் இது ஒன்றரை ஜிபி. மொத்தத்தையும் பாவித்ததையும் கழித்துப் பார்த்தால் கணக்கு இடிப்பது இதனால்தான்.

பிரதி

புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி செய்யுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை அது ஏற்காது. நீண்ட காணொளிகள் இப்படித்தான் விடுபட்டுப்போகின்றன. பிழைச் செய்தி ஒருமுறை வந்து மறைந்துவிடும், நாம் கவனிக்கமாட்டோம். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. மாற்றும்போது பென் டிரைவில் உள்ளவை அழியும் என்பதை மறக்கவேண்டாம்.

பிரதி முடிந்ததும் வெளி வன்தட்டை வேறொரு கணினியில் செருகி, பெரிய காணொளிகளையும் சில படங்களையும் திறந்து பாருங்கள். இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருப்பது நல்லது. சாட்சியம் போன்ற, பிறர் பார்க்கக்கூடாத கோப்புகள் இருந்தால் வெளி வன்தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டிவைக்கலாம். லினக்ஸின் ‘டிஸ்க்ஸ்’ மென்பொருளிலேயே அதற்கு வழி உண்டு. கடவுச்சொல்லை மறந்தால் எவராலும் திறக்கமுடியாது.

அதே ‘டிஸ்க்ஸ்’ மென்பொருளில் வன்தட்டின் ‘ஸ்மார்ட்’ நிலையையும் பாருங்கள். வன்தட்டு பழுதாகிவருவதாக அது சொன்னால் பிரிவு மாற்றும் வேலையை விட்டுவிட்டு, பிரதியோடு புது வன்தட்டு வாங்குங்கள்.

எந்தப் பக்கம் நீட்டுவது?

வன்தட்டின் பிரிவுகள் அடுத்தடுத்து வேலி போட்ட காணிகள் போன்றவை. பக்கத்துக் காணி வெறுமையாக இருந்தால்தான் வேலியை நகர்த்தலாம். மூன்று காணி தள்ளி உள்ள வெறுமை உதவாது. வலப்பக்க வேலியை நகர்த்திப் பிரிவைப் பெருப்பித்தால் உள்ளே இருக்கும் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். சில நிமிட வேலை. இடப்பக்க வேலியை நகர்த்தினால் உள்ளே உள்ள அனைத்தையும் தூக்கி வேறிடம் வைக்கவேண்டும். பழைய வன்தட்டில் அது மணிக்கணக்கில் போகலாம். நடுவில் நின்றால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாகச் சிதறிவிடும்.

500 ஜிபி வன்தட்டு ஒன்றில் இடமிருந்து வலமாக விண்டோஸ், லினக்ஸின் ‘ரூட்’, ‘ஸ்வப்’, உங்கள் கோப்புகள் உள்ள ‘ஹோம்’ என்று வரிசை இருப்பதாகக் கொள்வோம். நிரம்பியது ரூட். பலர் ஹோமைச் சுருக்கி ரூட்டுக்குக் கொடுக்க முனைவார்கள். நான் அதைச் செய்யமாட்டேன். ஹோமின் இடப்பக்க வேலி நகர்ந்தால், ஈடு செய்யமுடியாத கோப்புகள்தான் இடம் மாறுகின்றன. விண்டோஸைச் சுருக்கி ரூட்டை இடப்பக்கம் நீட்டினால் நகர்வது ரூட் மட்டுமே. அது கெட்டாலும் லினக்ஸை மீண்டும் நிறுவலாம், ஹோம் அப்படியே இருக்கும். (மீண்டும் நிறுவும்போது பாமினி எழுத்துரு போய், பழைய கடிதங்கள் குழம்பிய ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துருவைப் போட்டால் சரியாகும்.)

விண்டோஸை அதன் ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ மூலமே சுருக்குங்கள். பிட்லொக்கர் பூட்டு இருந்தால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளவும். சுருக்கியபின் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி நிறுத்தினால் விண்டோஸ் முழுமையாக நிற்கும். அதன்பின் யூஎஸ்பியிலிருந்து இயக்கி, ‘ஜிபார்ட்டெட்’ மென்பொருளில் ரூட்டைத் தெரிந்து, ‘ரீசைஸ்/மூவ்’ கொடுத்து இடப்பக்க ஓரத்தை இழுக்கவேண்டும். பெயருக்கருகில் சாவி அடையாளம் இருந்தால் அந்தப் பிரிவு பாவனையில் இருக்கிறது, ‘அன்மவுன்ட்’ செய்யுங்கள். ‘அப்ளை’ அழுத்தும்வரை எதுவும் நடக்காது. நீங்கள் செய்யச் சொன்னவை கீழே வரிசையாகக் காட்டப்படும், நிதானமாக வாசியுங்கள்.

விண்டோஸே இல்லாத கணினியில் ஸ்வப் பிரிவை நீக்கி, அந்த 4 அல்லது 8 ஜிபியை ரூட்டின் வலப்பக்கம் சேர்க்கலாம். ஹோமைத் தொடவே வேண்டியதில்லை. ஸ்வப்புக்கு இப்போது ஒரு கோப்பே போதும், உபுண்டு 17.04 இலிருந்து அப்படித்தான் நிறுவுகிறது. ஆனால் ‘எஃப்எஸ்டாப்’ கோப்பில் பழைய ஸ்வப்பைக் குறிக்கும் வரியை நீக்காவிட்டால், ஒவ்வொரு தடவையும் கணினி தொடங்கும்போது இல்லாத பிரிவைத் தேடி ஒன்றரை நிமிடம் காத்திருக்கும்.

இன்னொன்று: மேலே சொன்ன சுருக்கல் எல்லாக் கோப்பு முறைமைக்கும் பொருந்தாது. ஈஎக்ஸ்டி4ஐச் சுருக்கலாம், ஆனால் பாவனையில் இருக்கும்போது முடியாது. எக்ஸ்எஃப்எஸ்ஸை ஜிபார்ட்டெட் பெருப்பிக்கும், சுருக்காது.

மின்சாரம்

இந்த வேலையில் பெரிய ஆபத்து மின்தடை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததும், 2025 பெப்ரவரி 9 அன்று முன்னறிவிப்பின்றி நாடு முழுவதும் இருண்டதும் நினைவிருக்கும். மேசைக்கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் இடப்பக்க வேலியைத் தொடாதீர்கள். சாதாரண யூபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். மணிக்கணக்கு வேலைக்கு அது போதாது. அப்படியானால் வன்தட்டைக் கழற்றி, நல்ல மின்கலம் உள்ள மடிக்கணினியில் இணைத்துச் செய்வது பாதுகாப்பு. மடிக்கணினி உறக்கநிலைக்குப் போகாதபடி அமைப்பை மாற்றி, மூடியைத் திறந்தே வையுங்கள். முன்னேற்றக் கோடு நெடுநேரம் அசையாமல் நின்றாலும் நிறுத்தவேண்டாம்.

முடிந்ததும் யூஎஸ்பியைக் கழற்றிக் கணினியை இயக்குங்கள். சில பழைய கணினிகளில் ரூட் நகர்ந்தபின் லினக்ஸ் தொடங்காமல் போகலாம். அதனால் கோப்புகள் அழிந்ததாகாது. மின்ட் யூஎஸ்பியில் உள்ள ‘பூட் ரிப்பேர்’ பெரும்பாலும் சரிசெய்துவிடும். உள்ளே போனதும் ஹோமில் உள்ள படங்கள், காணொளிகள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். டைம்ஷிஃப்ட் எத்தனை பிரதிகளை வைத்திருக்கவேண்டும் என்ற எண்ணிக்கையையும் அப்போதே குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதிதாகக் கிடைத்த இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.