மூட்டழற்சி ஆய்வு முன்னுரிமைகள்

மூட்டழற்சி ஆய்வு முன்னுரிமைகள் என்பது மூட்டு, எலும்பு, தசை ஆகியவற்றைத் தாக்கும் நோய்கள் குறித்த ஆய்வுகளில் எவற்றுக்கு முதலில் நிதி வழங்குவது என்பதைத் தீர்மானிக்கும் செயற்பாட்டைக் குறிக்கும். உலகச் சுகாதார அமைப்பின் கணிப்பின்படி ஏறத்தாழ 171 கோடிப் பேர் இத்தகைய நோய்களுடன் வாழ்கின்றனர். ஆய்வுக்குரிய கேள்விகள் பலவாகவும் நிதி குறைவாகவும் இருப்பதால், தேர்ந்தெடுப்பது யார் என்ற வினா முதன்மை பெறுகிறது.

நோயாளரும் ஆய்வாளரும்

முழங்கால் மூட்டுத் தேய்வு நோய் பற்றி டாலன், சார்ட், டீப்பி ஆகியோர் பிரித்தானியாவில் மேற்கொண்ட ஆய்வு 2000 ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அந்நோய்க்கான சமவாய்ப்புச் சோதனைகளுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மருந்துகளைப் பற்றியவையாக இருந்தன. ஆனால் மருந்தாய்வு மேலும் தேவை எனக் கருதிய நோயாளர் 9 விழுக்காட்டினரே. அறுவை மருத்துவம், இயன்முறை மருத்துவம், நோயுடன் வாழப் பழகும் வழிமுறைகள் ஆகியவற்றின் பயனை அறியவே பலர் விரும்பினர். மருந்துகளுக்குக் காப்புரிமை பெற்று விற்க இயலும் என்பதால் நிறுவனங்கள் அவற்றின் சோதனைக்குப் பணம் செலவிடுகின்றன. உடற்பயிற்சிக்கு அத்தகைய புரவலர் அரிது.

ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி

இந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்குடன் 2004 இல் பிரித்தானியாவில் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி தோற்றுவிக்கப்பட்டது. 1747 இல் ஸ்கர்வி நோய்க்கான மருந்துகளை ஒப்பிட்டுச் சோதித்த கப்பல் மருத்துவரின் பெயரை இது தாங்கியுள்ளது. இதன் முறையில் பின்வரும் படிகள் உள்ளன:

1. நோயாளர், பராமரிப்போர், மருத்துவப் பணியாளர் ஆகியோரிடமிருந்து கேள்விகள் திரட்டப்படும்.
2. ஏற்கனவே விடை காணப்பட்டவை நீக்கப்படும்.
3. எஞ்சியவை தரவரிசைப்படுத்தப்பட்டுச் சுருக்கப்படும்.
4. இறுதிக் கூட்டத்தில் முதல் பத்துக் கேள்விகள் தெரிவு செய்யப்படும்.

இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவை குறித்த பட்டியல் 2014 இல் வெளியிடப்பட்டது. அறுவையின் வெற்றியை எவ்வாறு அளவிடுவது, அறுவைக்கு உகந்த காலம் எது ஆகியன அதில் இடம்பெற்றன.

அடிப்படை ஆய்வின் இடம்

நோயாளரின் விருப்பத்தை மட்டும் கொண்டு நிதியைப் பங்கிட முடியாது என்ற கருத்தும் உண்டு. முடக்குவாதத்தில் டி.என்.எஃப். என்ற புரதத்தின் பங்கை மார்க் ஃபெல்ட்மான், ரவீந்தர் மைனி ஆகியோர் லண்டனில் ஆய்ந்தனர். 1992 இல் அதனைத் தடுக்கும் எதிர்ப்பொருள் முடக்குவாத நோயாளரிடம் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. இன்று பரவலாகப் பயன்படும் உயிரியல் மருந்துகள் பல இதன் வழி வந்தவை. நோயாளர் எவரும் ஒரு புரதத்தின் பெயரைக் குறிப்பிட்டு இவ்வாய்வைக் கேட்டிருக்க இயலாது.

எனவே அடிப்படை ஆய்வின் நெறியை அறிவியலாளரும், சிகிச்சை ஆய்வின் கேள்விகளை நோயாளரும் மருத்துவரும் இணைந்தும் முடிவு செய்வது பொருத்தமானது எனப் பலர் கருதுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே நிதியைப் பங்கிடும் விகிதம் தொடர்ந்து விவாதத்துக்குரியதாகவே உள்ளது.