ரேஷன் புழுங்கலரிசிக்கு ஒரு வரலாறு இருக்கு

போன வாரம் ஓபியில் ஒரு அம்மா. ரத்தசோகை, கூடவே சர்க்கரை. என்ன அரிசி சாப்பிடுறீங்கன்னு கேட்டேன். "ரேஷன் அரிசியைப் பக்கத்துல மாடு வச்சிருக்கவங்களுக்குக் குடுத்துருவோம் சார். கடையில நல்லதா, வெள்ளையா வாங்கிக்குவோம்."

வீட்டுக்காரர் கூலி வேலை. அந்த வெள்ளைக்கு மட்டும் மாசம் ஆயிரம் ரூபாய்க்கு மேல போகுது. திட்டுறதுக்கு முன்னாடி கதை சொல்லலாம்னு தோணிச்சு. வெளியே நூறு பேர் நிக்கும்போது அங்க சொல்ல முடியல. இங்க சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

நூறு, நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஆசியா முழுக்க ஒரு நோய் ஆட்டிவச்சது. பேரு பெரிபெரி. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில இதயமே நின்னுடும். கிருமின்னு நினைச்சாங்க, அரிசியில விஷம்னு நினைச்சாங்க.

மலேயாவுல ஒரு விஷயம் டாக்டர்கள் கண்ணை உறுத்துச்சு. வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிகள் கொத்துக்கொத்தா விழுந்தாங்க. அதே ஊர்ல இருந்த தமிழ்க் கூலித் தொழிலாளிகளுக்கு இந்த நோய் ரொம்பக் குறைவு. அவங்க சாப்பிட்டது நம்ம ஊர்ப் புழுங்கலரிசி.

1905-ல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃப்ளெட்சர்ங்கிற டாக்டர் இதைச் சோதிச்சுப் பார்த்தார். நோயாளிகளை ரெண்டாப் பிரிச்சார். பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் செத்துப்போனாங்க. புழுங்கலரிசிப் பக்கம் புதுசா ஒருத்தருக்குக்கூட வரல. (இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதுக்கு அனுமதி தராது. தரவும் கூடாது.)

காரணம் அப்புறம்தான் புரிஞ்சது. நெல்லோட தவிட்டுல தயாமின், அதாவது வைட்டமின் பி1 இருக்கு. மில்லுல தீட்டினா தவிட்டோட போயிடும். நெல்லை ஊறவச்சு அவிக்கும்போது அந்தச் சத்துல ஒரு பங்கு அரிசிக்குள்ள இறங்கிடுது. அதுக்கப்புறம் தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். நெல் அவிச்ச நம்ம பாட்டிகளுக்கு வைட்டமின்னு ஒரு வார்த்தையே தெரியாது.

நம்ம பக்கமும் இதே கதைதான். சென்னை மாகாணத்தோட வடகோடியில, இன்னைய ஆந்திரக் கடலோரத்துல, பச்சரிசி சாப்பிட்ட ஜில்லாக்கள்ல பெரிபெரி இருந்தது. அதை ஆராய 1918-ல் குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன் ஒரே ஒரு ரூம்ல வேலையை ஆரம்பிச்சார். அந்த ரூம்தான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது.

இனி ரேஷனுக்கு வருவோம். 1967-ல் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசின்னார். 2006-ல் கிலோ ரெண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-லிருந்து இலவசம். அரிசிக்காகத் தேர்தலே ஜெயிச்ச ஊர் இது. பசி போச்சு, அது சின்ன விஷயம் இல்லை. ஆனா மலிவு விலைப் பருப்பும் பாமாயிலும் வர 2007 ஆச்சு. இப்பவும் அரிசி இருபது கிலோன்னா துவரம்பருப்பு ஒரே ஒரு கிலோ. எங்க ஓபியில தெரியிற ரத்தசோகையில இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன்.

சமீபமா ரேஷன் அரிசியில இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 சேர்த்த மணிகளைக் கலந்தாங்க. அதைத்தான் சிலர் "பிளாஸ்டிக் அரிசி"ன்னு பொறுக்கி எறியிறாங்க. அது பிளாஸ்டிக் இல்லைங்க. அரிசிமாவுல சத்து சேர்த்து, திரும்ப அரிசி வடிவத்துல அச்சடிச்சது. லேசா மிதக்கும், நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

புழுங்கலரிசின்னா சர்க்கரை ஏறாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஏறும். தட்டுல சோறு பாதியாக் குறையணும்.

வாடை பிடிக்கலைன்னா நல்லா ரெண்டு தடவை களைஞ்சு ஊறவைங்க. பத்து தடவை கழுவினா பி வைட்டமின் தண்ணியோட போயிடும். வடிச்ச கஞ்சியைக் கொட்டாம உப்புப் போட்டுக் குடிங்க, இல்லன்னா ரசத்துல ஊத்துங்க.

அந்த அம்மாகிட்ட ஒரே ஒரு கணக்குதான் போட்டுக் காட்டினேன். வெள்ளை அரிசிக்குப் போற ஆயிரத்துல தினம் ஒரு கட்டு முருங்கைக்கீரை, வாரத்துக்கு ஆளுக்கு மூணு முட்டை, மாசம் ரெண்டு கிலோ கொண்டைக்கடலை வாங்கலாம். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பிள்ளைங்க புழுங்கலரிசியைத் தொடாதுங்களே சார்"ன்னாங்க. இட்லியில ஆரம்பிங்கன்னேன். அடுத்த மாசம் ஹீமோகுளோபின் பார்க்க வரச் சொல்லியிருக்கேன்.