வாத்தியாருக்குத் தெரியாத கண்

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் உள்ள பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் இங்கே வந்தது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி தரும் இடம். வாத்தியார்களுக்கு வாத்தியார்!

இங்கே நெடுநாள் பறந்த கிரண் விமானத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். மாணவன் திணறினால், திரும்பிப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். ஹாக் போன்ற பயிற்சி ஜெட்டில் வாத்தியார் பின் ஸீட்டில். அவருக்குத் தெரிவது ஹெல்மெட்டின் பின்புறம்தான். "சரியா இருக்கியா?" என்றால் "சரி சார்" என்றுதான் பதில் வரும். அந்த வயதில் முடியவில்லை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

வாயை விட்டுவிட்டுக் கண்ணைக் கேட்கலாம் என்ற யோசனை பழையது. 1947இல் அமெரிக்காவில் பால் ஃபிட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும், விமானத்தை இறக்கும்போது விமானிகளின் கண்களை சினிமா கேமராவில் பிடித்தார்கள். எந்த மீட்டரை அடிக்கடி பார்க்கிறாரோ அது முக்கியமானது. எதில் கண் நெடுநேரம் நிற்கிறதோ அது படிக்கக் கஷ்டமானது என்று கண்டார்கள்.

1964இல் சிகாகோவில் ஹெஸ், போல்ட் இருவரும் இன்னொரு படி போனார்கள். 7ஐ 8ஆல், பிறகு 16ஐ 23ஆல் மனக்கணக்காகப் பெருக்கச் சொல்லிக் கண்மணியைப் படம் எடுத்தார்கள். யோசிக்க யோசிக்க அது விரிந்தது. விடை சொன்னதும் சுருங்கியது. (என் பேரனிடம் இதைச் சோதித்தேன். புரை ஆபரேஷன் ஆன என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 368 என்று மட்டும் சரியாகச் சொன்னான்.)

இரண்டு வருஷம் கழித்து டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார்கள். எண்ணுக்கு எண் கண்மணி விரிந்தது. திருப்பிச் சொல்லச் சொல்லச் சுருங்கியது. பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய அதே கானமன்தான். ஒருவர் மனதுக்குள் முயற்சியைக் கைவிட்ட நொடியைக்கூடக் கண்மணியை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்களாம். எனக்கு ஆச்சரியம் இதில்தான். பின் ஸீட் வாத்தியாருக்குத் தெரிய வேண்டியதும் அந்த நொடிதானே?

ஆனால் ஆய்வுக்கூடத்தில் விளக்கு ஒரே மாதிரி எரியும். விமானம் திரும்பினால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். மூளைக்கு வேலை இருந்தாலும் கண்மணி சுருங்கிவிடும். அதனால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிரதீப்த பிஸ்வாஸ் குழுவினர் கண்மணியை மட்டும் நம்பவில்லை. பார்வை எத்தனை தடவை எங்கே நிலைத்து நிற்கிறது, நடுவே எப்படித் துள்ளுகிறது என்பதையும் சேர்த்து அளந்தார்கள். முதலில் தரையில் உள்ள சிமுலேட்டரில். பிறகு நிஜமாகவே பறந்த ஹாக், ஜாகுவார் விமானங்களில். 2019இல் வெளியான அந்த ஆய்வுக்கு, மூக்குக் கண்ணாடி போல மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று விமானியின் கண்களைப் பதிவு செய்தது.