பள்ளி என்னும் சொல்லும் மட்டாஞ்சேரியின் கட்டடங்களும்

ஐரோப்பிய நகரம் ஒன்றுக்குச் செல்லும் கட்டடக்கலை ஆர்வலரின் கையில் பெரும்பாலும் ஒரு பாணிப் பட்டியல் இருக்கும். லிஸ்பனில் மானுவல் பாணி, ஆம்ஸ்டர்டாமில் 17ஆம் நூற்றாண்டின் கால்வாய்க்கரை வீடுகள், ரோமில் பரோக் தேவாலயங்கள். கட்டடத்தைப் பாணியோடும் பாணியைக் காலத்தோடும் பொருத்திவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதே பட்டியல் மனத்தோடு கொச்சிக்கு வருபவருக்கும் பெயர்கள் ஆயத்தமாகவே உள்ளன: போர்த்துக்கீசியத் தேவாலயம், டச்சு அரண்மனை, யூதத் தெரு. ஆனால் மட்டாஞ்சேரியில் இப்பெயர்களுள் எதுவும் கட்டடத்தின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. வெளியே ஐரோப்பியப் பெயர். உள்ளே நாலுகெட்டு, நடுமுற்றம், மரக்கூரை, சுண்ணச்சாந்து. எனவே அங்கு எவற்றைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு முன்னர், எப்படிப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது.

முதலில் இடத்தின் அமைப்பு. 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்திற்குப் பின்னரே கொச்சித் துறைமுகம் முதன்மை பெற்றது என்பது பரவலான கருத்து. 1500இல் வந்த போர்த்துக்கீசியர் 1503இல் கடல்முகத்தில் கோட்டை எழுப்பினர். அவர்களைப் பொறுத்தவரை இரண்டு கொச்சிகள் இருந்தன. கோட்டையைச் சூழ்ந்த தங்கள் நகரம் கீழ்க்கொச்சி. அரசரும் வணிகரும் வாழ்ந்த மட்டாஞ்சேரிப் பகுதி மேல்க்கொச்சி. 1663இல் டச்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு அது மாறியது. ஐரோப்பியர் கட்டிய கோட்டையையும் பழைய சாந்தா குரூஸ் பேராலயத்தையும் அழித்தவர்களும் ஐரோப்பியரே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அவற்றைத் தகர்த்தனர். இன்று நிற்கும் சாந்தா குரூஸ் 1905இல் திருநிலைப்படுத்தப்பட்டது. ஆகவே ஐரோப்பாவைத் தேடி வருபவருக்குக் கோட்டைப்பகுதியில் எஞ்சியிருப்பது அவர் எண்ணி வந்ததைவிடக் குறைவு. அரசரின் கொச்சியாகிய மட்டாஞ்சேரியில் எஞ்சியிருப்பது மிகுதி.

அங்கு முதலில் நிற்பது 'டச்சு அரண்மனை'. இதைக் கட்டியவர்கள் டச்சுக்காரர் அல்லர். 1545ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியர் கட்டி, கொச்சி அரசர் வீரகேரள வர்மருக்கு அளித்தனர். அருகிலிருந்த கோயில் ஒன்றைச் சூறையாடியதற்கு ஈடாக வழங்கப்பட்டது என்று சொல்லப்படுவதுண்டு. 1663க்குப் பின் டச்சுக்காரர் செய்தவை பழுதுபார்ப்பும் விரிவாக்கமும் மட்டுமே. ஆயினும் நிலைத்தது அவர்களுடைய பெயர். தரைத்திட்டத்தைப் பார்த்தால் இரு பெயர்களும் பொருளிழக்கின்றன. நான்கு கட்டுகள், நடுவே முற்றம், முற்றத்தில் அரச குடும்பத்தின் குலதெய்வமான பழையனூர் பகவதியின் சிறு கோயில்; இரு பக்கங்களிலும் கிருஷ்ணனுக்கும் சிவனுக்கும் தனிக்கோயில்கள். வளைவுகளின் வடிவிலும் அறைகளின் அளவு விகிதத்திலும் சுவர்களின் தடிமனிலும் ஐரோப்பியக் கை தெரிகிறது. வீட்டின் கருத்தோ மலையாள நாட்டுடையது. கட்டிக் கொடுத்தவர் பெறுபவரின் வாழ்க்கைமுறைக்கு ஏற்பக் கட்டியிருக்கிறார்.

அரண்மனைக்குள் கண்கள் சுவரோவியங்களுக்குத் தாவும் முன் காலடியைக் கவனிக்க வேண்டும். மெருகேற்றிய கருங்கல் போலத் தோன்றும் தரை கல்லே அன்று. சுட்ட தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறுகள், முட்டையின் வெண்கரு ஆகியவற்றைக் கலந்து இழைத்த சாந்து அது. செட்டிநாட்டுச் சுவர்களில் முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்ந்த மெருகைக் கண்டவர்களுக்கு இது அயலான நுட்பமாகத் தோன்றாது. பிறகு மேலே பார்க்கலாம்: உணவறையின் செதுக்கிய மரவிதானத்தில் வரிசையாகப் பதித்த பித்தளைக் கிண்ணங்கள். அதன் பின்னரே அரசரின் படுக்கையறை. சுமார் 300 சதுர அடிப் பரப்பில், தசரதனின் வேள்வி தொடங்கி அயோத்தி மீட்சி வரை, 48 ஓவியங்களில் இராமாயணம் அங்கு விரிகிறது. தாழ்ந்த மரவிதானத்தின் கீழ், கைக்கெட்டும் தொலைவில் உருவங்கள் நெருங்கி நிற்கின்றன. அரசர் ஒருவர் தனித்திருந்து பார்க்க வரைந்த ஓவியங்கள் என்பதை அறையின் அளவே உணர்த்திவிடும்.

அந்த அறையின் பெயர் பள்ளியறை. தமிழரும் அவ்வாறே சொல்வர். மட்டாஞ்சேரியைப் படிக்கும் திறவுகோலாக இச்சொல்லைக் கொள்ளலாம். பள்ளி என்பதற்குத் தமிழில் படுக்கை, உறக்கம், தங்குமிடம், துறவியர் உறைவிடம் எனப் பல பொருள்கள் உண்டு. சமணரும் பௌத்தரும் தங்கிய இடங்கள் பள்ளிகள். அங்கு கற்பித்தல் நடந்தமையால் பள்ளி கல்விக்கூடமாயிற்று என்பர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுப்பித்த பௌத்த விகாரையைச் சோழர் செப்பேடு இராசராசப் பெரும்பள்ளி என்கிறது. கடல்கடந்து வந்தவர் எழுப்பிய வழிபாட்டிடத்திற்கு உள்ளூர்ச் சொல்லும் உள்ளூர் அரசனின் பெயரும் வழங்கப்பட்டன என்பது இங்கு நினைக்கத்தக்கது. பிற்காலத் தமிழில் வழிபாட்டுப் பொருள் பெரும்பாலும் பள்ளிவாசல் என்ற வடிவில் இசுலாமியர் தொழுமிடத்தோடு நின்றுவிட, மலையாளம் அதை அகலமாகவே வைத்துக்கொண்டது. கிறித்தவர் ஆலயமும் பள்ளி, இசுலாமியர் தொழுமிடமும் பள்ளி, யூதர் தொழுகைக்கூடமும் பள்ளி. ஆட்சியும் சமயமும் மாறியபோதும் சொல் மாறவில்லை.

கோட்டைப்பகுதியின் புனித பிரான்சிசு ஆலயத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். மரத்தால் தொடங்கி, 1516இல் கல்லால் முடிக்கப்பட்ட இது, பிரான்சிசுகன் துறவியரிடமிருந்து 1663இல் டச்சுச் சீர்திருத்தச் சபைக்கும், பின்னர் ஆங்கிலிக்கன் சபைக்கும் சென்று, இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் உள்ளது. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமா இங்கு அடக்கம் செய்யப்பட்டார். 1539இல் எச்சங்கள் போர்த்துக்கலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. லிஸ்பனின் ஜெரோனிமோஸ் மடத்தில் அவருக்குள்ள வேலைப்பாடு மிகுந்த கல்லறையைக் கண்டவர் இங்கு காண்பது வெறும் தரைக்கல் ஒன்றே. ஆலயமும் எளிமையானதே. ஆனால் அந்த எளிமைக்குள் மூன்று பேரரசுகளின் சமய வரலாறு அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

அடுத்த பள்ளி, மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் உள்ள செம்பிட்டபள்ளி. மரபு இதனை 1520ஆம் ஆண்டைச் சார்ந்ததாகக் கூறும். செம்பு இட்ட பள்ளி, அதாவது செம்புத்தகடு வேய்ந்த பள்ளி. தமிழ் மாணவர் எவரும் அகராதியின்றிப் பிரித்துவிடக்கூடிய பெயர். கருவறைக் கூரைக்குச் செம்பு வேய்வது கேரளக் கோயில்களின் வழக்கம். கேரளத்தின் பழைய பள்ளிவாசல்களில் குவிமாடத்தையும் உயர்ந்த மினாரையும் தேடுபவர் ஏமாறுவார். அடுக்குச் சரிவுக்கூரை, செதுக்கிய முகப்புப் பலகை, மரச்சட்டகம் ஆகியவையே அங்கு காணப்படுபவை. மழைக்காலத்தின் இடைவிடாத பொழிவைத் தாங்க அந்நாட்டுத் தச்சர் அறிந்திருந்த வழி அது. கோயிலுக்கு ஒரு கணக்கு, பள்ளிக்கு வேறு கணக்கு என்று மழை பிரித்துப் பார்ப்பதில்லை. கீழக்கரையின் பழைய பள்ளிவாசலில் திராவிட மண்டபத் தூண்களைப் பார்த்தவர் இதே நெறியை அறிவார். அங்கு கல்தச்சர், இங்கு மரத்தச்சர். இரண்டிடத்தும் தொழுகையின் திசை மட்டுமே வெளியிலிருந்து வந்தது.

கொச்சங்காடியில் அதற்கும் முந்தைய யூதத் தொழுகைக்கூடம் ஒன்று இருந்தது. அது மறைந்துவிட்டது. 1344ஆம் ஆண்டைக் குறிக்கும் அதன் ஹீப்ருக் கல்வெட்டு மட்டும் இப்போது பரதேசிப் பள்ளியின் சுவரில் பதிந்திருக்கிறது. சுற்றுலாப் பயணியர் பெரும்பாலும் கடந்துசெல்லும் இக்கல் கொச்சி யூதர் வரலாற்றின் மிகப் பழைய கட்டடச் சான்றுகளுள் ஒன்று.

அக்கல்லைத் தாங்கும் பரதேசிப் பள்ளி 1568இல் கட்டப்பட்டது. 1662இல் போர்த்துக்கீசியரால் சேதமுற்று, டச்சுக்காரர் வந்தபின் 1664இல் மீண்டும் எழுந்தது. அரசர் கொடுத்த நிலத்தில், அரண்மனைக் கோயிலோடு சுவர் ஒட்டி நிற்கிறது. அலெப்போவிலிருந்து வந்த குடும்பத்தவரும் டச்சுக் கம்பெனியின் முதன்மை வணிகருமான எசக்கியேல் ரஹாபி 1760இல் மணிக்கூண்டைக் கட்டினார். அதன் முகங்களில் ரோமன், ஹீப்ரு உள்ளிட்ட வெவ்வேறு எண்ணுருக்கள். 1762இல் சீனாவிலிருந்து அவர் வரவழைத்த, கையால் தீட்டிய நீலவெள்ளை ஓடுகள் தரையை நிறைக்கின்றன. பெல்ஜியத்து விளக்குகள் மேலிருந்து தொங்குகின்றன. இவை யாவும் வந்த பொருள்கள். கவனிக்க வேண்டியவை வராத பொருள்கள்: வெட்டுகல் சுவர், ஓட்டுக்கூரை, வாசலில் காலணி களையும் வழக்கம். அமைப்பிலும் ஒன்றுண்டு. மறைநூலை ஓதும் மேடை கூடத்தின் நடுவில் இருப்பது எங்குமுள்ள மரபு. மேல்தளத்தில், பெண்கள் பகுதியின் முன்பாக, இரண்டாவது மேடை ஒன்றும் இருப்பது கேரளத் தொழுகைக்கூடங்களின் தனித்தன்மை.

இக்கட்டடத்தின் இடைகழி இன்னொன்றையும் சொல்கிறது. பரதேசி என்றால் அயல்நாட்டார். தமிழில் இரவலனைக் குறிக்கத் தாழ்ந்துவிட்ட சொல், கொச்சியில் செல்வரின் பட்டமாக நின்றது. ஸ்பெயின், போர்த்துக்கல், மேற்காசியா ஆகிய நிலங்களிலிருந்து வந்த இவர்கள், முன்பே வாழ்ந்த மலபார் யூதரைச் சமமாக ஏற்கவில்லை. அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர்களுக்கு உட்கூடத்தில் இருக்கை இல்லை. அவ்வழியினரான ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) என்ற வழக்கறிஞர், காந்தியின் வழியில் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து இந்த விலக்கை எதிர்த்தார். வாசல், இடைகழி, உட்கூடம் என்ற வரிசை வெறும் கட்டட வரைபடம் அன்று. யார் எதுவரை வரலாம் என்று எழுதிய சட்டமும் ஆகும். தமிழகக் கோயில் நுழைவு வரலாற்றை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யூதத் தெருவின் தென்பகுதியில் கடவும்பாகம் பள்ளி உண்டு. கடவு என்றால் படகுத்துறை. கடவும்பாகம் என்றால் துறைப்பக்கம். மலபார் யூதருடைய இக்கட்டடம் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியது. பரதேசிப் பள்ளிக்கும் மூத்தது. 1950களில் சமூகத்தவர் பெரும்பாலும் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தபின் கட்டடம் கைமாறிக் கிடங்காயிற்று. வண்ணமும் செதுக்கலும் நிறைந்த அதன் உட்புற மரவேலை 1990களில் எருசலேமின் இசுரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது. கூடு மட்டும் இங்கேயே நின்றது. 2019 செப்டம்பர் மழையில் அதன் முன்பகுதி இடிந்து விழுந்தது.

அயலார் பெயரைத் தாங்கிய பள்ளிக்கு நாள்தோறும் வரிசை நிற்க, அதே தெருவில் அதனினும் பழைய உள்ளூர்ப் பள்ளி மழைக்கு விழுந்தது. பெயர் மட்டுமே இதற்குக் காரணம் எனல் மிகை. சமூகம் வெளியேறியதும் உரிமை கைமாறியதும் பெருங்காரணங்கள். அண்டை ஊர்களான சேந்தமங்கலத்திலும் வடக்கன் பறவூரிலும் மலபார் யூதரின் தொழுகைக்கூடங்கள் அரசால் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. எனவே காப்பது இயலாத செயலன்று. ஆயினும் கண் எதைத் தேடி வருகிறதோ அதற்கே பராமரிப்பும் வந்து சேர்கிறது. ஐரோப்பாவின் சாயலைத் தேடும் பட்டியலில் கடவும்பாகத்திற்கு இடமிருக்கவில்லை.

இறுதியாக, பட்டியலில் எப்போதும் இடம்பெறாத வகை: கிடங்குகள். மலையாளத்தில் பாண்டிகசாலை, தமிழில் பண்டகசாலை. பஜார் சாலையில் முகப்பு, பின்புறம் காயலை நோக்கிய படகுத்துறை, இடையே நீண்ட ஓட்டுக்கூரைக் கட்டுகளும் முற்றமும். மிளகும் இஞ்சியும் முன்வாசலால் வந்து பின்வாசலால் கப்பலுக்குப் போயின. மேற்சொன்ன கட்டடங்கள் அனைத்திற்கும் பொருள் ஈட்டிக் கொடுத்தவை இத்தகைய கூடங்களே. 2012 டிசம்பர் முதல் கொச்சி–முசிறி பினாலே இவற்றுள் சிலவற்றைக் கலைக்கூடங்களாக்கியதால் அவற்றின் உட்புறங்களை இப்போது பலரும் காண முடிகிறது. சன்னலும் சாவியும் அலமாரியும் போர்த்துக்கீசியச் சொற்கள் என்ற நினைவின்றித் தமிழரும் மலையாளியரும் புழங்குவது போல, இக்கட்டடங்களும் வந்ததையும் இருந்ததையும் பிரிக்க முடியாதபடி சேர்த்துக்கொண்டவை.

ஆகவே மட்டாஞ்சேரிக்குச் செல்பவர் யார் கட்டியது என்று கேட்பதை ஒரு நாள் தள்ளிவைக்கலாம். அதற்கு மாற்றாக நான்கு கேள்விகள்: கூரை எந்த மழைக்கு விடை சொல்கிறது? முற்றம் யாரைக் கூட்டுகிறது? வாசல் யாரை நிறுத்தியது? தரையின் சாந்தை இழைத்த கை யாருடையது? இந்தக் கேள்விகளோடு நடப்பவரின் வழியில் அரண்மனையும் பரதேசிப் பள்ளியும் இருக்கும். கூடவே செம்பிட்டபள்ளியும், பாதி விழுந்த கடவும்பாகமும், பெயர்ப்பலகையற்ற பாண்டிகசாலைகளும் இருக்கும்.