கடை வெப்சைட் பெயர் யார் கையில இருக்கு? சிறு வணிகர்கள் கவனிக்க வேண்டிய டிஎன்எஸ் விவகாரம்

மதுரை மாசி வீதிகளில் மொத்த வியாபாரம் செய்பவரோ, கப்பலூர் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் நடத்துபவரோ, இன்று பலரும் சொந்தப் பெயரில் வெப்சைட்டும் இமெயிலும் வைத்திருக்கிறார்கள். அதன் பாஸ்வேர்டு எங்கேன்னு கேட்டால், 'சைட் போட்டுக் கொடுத்த தம்பிகிட்ட இருக்கும்' என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். சிக்கலே அங்கேதான்.

டிஎன்எஸ்னா என்ன?

இணையத்தில் சர்வர்களுக்கு அடையாளம் ஐபி என்கிற எண் முகவரி. நாம் டைப் செய்யும் பெயரை அந்த எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். 1983ல் அமெரிக்காவின் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது.

உங்கள் பெயருக்கான பதிவுகள் ஒரு நேம் சர்வரில் இருக்கும். சைட் எந்த எண்ணில் இருக்கு என்பதை 'ஏ' ரெக்கார்ட் சொல்லும். மெயில் எங்கே போகணும் என்பதை 'எம்எக்ஸ்' ரெக்கார்ட் சொல்லும். பெயரை வாங்கிய இடம், பதிவுகள் இருக்கும் இடம், சைட் இருக்கும் இடம் மூன்றும் வேறு வேறாக இருக்கலாம்.

மெயில் நின்றுபோவது எப்படி?

புது டிசைனர் வருகிறார், நேம் சர்வரை மாற்றுகிறார். சைட் பளபளன்னு திறக்குது. ஆனா பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் பதிவை யாரும் புது இடத்தில் எழுதவில்லை என்றால், ஆர்டர் மெயில் வராது. அனுப்பியவருக்குத்தான் 'டெலிவரி ஆகவில்லை' என்று திரும்பிப் போகும், கடைக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. வெளிநாட்டு பார்ட்டியாக இருந்தால் போன் போட்டுக் கேட்பாரா என்ன?

டெக்ஸ்ட் ரெக்கார்டும் இதே கதைதான். ஜிமெயிலுக்கு மெயில் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவு வைத்திருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் கூகுளின் விதி. இல்லாவிட்டால் உங்கள் கொட்டேஷன் ஸ்பேமில் கிடக்கலாம், திரும்பியும் வரலாம்.

பதிவுகளோடு டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும். பழைய பதிலை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்பதே அது. 86400 என்றால் முழுசா ஒரு நாள். சர்வர் மாற்றப் போறீங்கன்னா, முந்தின நாளே அதை 300 ஆகக் குறைத்துவிடுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே வைக்கலாமா?

வைக்கலாம். ஆனா வேண்டாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு கரன்ட் போனால், யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? நேம் சர்வர்கள் வேறு வேறு ஊரில், வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்று 1997ல் வந்த ஆர்எஃப்சி 2182 ஆவணமே சொல்கிறது. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் சைட்கள் முடங்கியபோது, அதன் நேம் சர்வர்கள் எல்லாமே ஒரே நெட்வொர்க்கில்தான் இருந்தன. 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப், ஃபேஸ்புக் முடங்கியது நினைவிருக்கிறதா? அன்றும் அந்த நிறுவனத்தின் நேம் சர்வர்களை வெளியிலிருந்து யாராலும் அடைய முடியவில்லை. சுமார் 6 மணி நேரம்!

சின்ன கடைக்கு, பெயர் விற்கும் ரிஜிஸ்ட்ரார் தரும் டிஎன்எஸ் வசதியோ, கிளவுட்ஃப்ளேர் போன்றவற்றின் இலவசத் திட்டமோ போதும். கடைக்குள் ஓடும் பில்லிங் சர்வர், கேமரா ரெக்கார்டர் பெயர்களை மட்டும் அந்தப் பொதுப் பட்டியலில் எழுத வேண்டாம். உள்ளே என்னென்ன இருக்குன்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பெயர் யார் பேரில்?

'.இன்' பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி அமைப்பு. நாம் வாங்குவது அதன் அங்கீகாரம் பெற்ற ரிஜிஸ்ட்ரார்களிடம். அந்தக் கணக்கு உரிமையாளர் பெயரில், அவர் போன் நம்பரில் இருக்கட்டும். டிசைனருக்குத் தனி அனுமதி கொடுத்தால் போதும்.

இன்னொன்று, ரிஜிஸ்ட்ராரிடம் கொடுக்கும் இமெயில் அதே கடைப் பெயரில் இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அந்த மெயிலும் சேர்ந்து நின்றுவிடும். அப்புறம் புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் யாருக்குப் போகும்?

பதிவுகளை முழுசா டவுன்லோட் செய்யும் வசதி பல டிஎன்எஸ் கணக்குகளில் இருக்கிறது. ஒரு பிரிண்ட் எடுத்து ஜிஎஸ்டி ஃபைலோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது 'நேம் சர்வர் மாத்தணும் அண்ணாச்சி' என்று வந்தால், முதலில் அதை அவர் கையில் கொடுங்கள்.