உல்லாசப் படகில் வந்த துப்பாக்கிகள்

துப்பாக்கி வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். 1914-ம் வருஷத்தில் ஹாம்பர்க் துறைமுகத்தில் அது கத்தரிக்காய் வியாபாரம் மாதிரி நடந்தது. ராணுவங்கள் கழித்துக் கட்டிய துப்பாக்கிகளை மொத்தமாக வாங்கி, கேட்டவருக்கு மொத்தமாக விற்கிற வியாபாரிகள் அங்கே கடை வைத்திருந்தார்கள். வாங்கியதை எல்லை கடத்தி, வேண்டாம் என்கிற ஒரு சர்க்காரின் மூக்குக்கடியில் கொண்டுபோய் இறக்குவதுதான் பெரும் பாடு. எந்தக் கப்பலில் ஏற்றுவது? யாரை நம்பி ஒப்படைப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவர்களில் ஒருவர் நாவலாசிரியர். அதனாலேயே இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.

அயர்லாந்துக்குச் சுயாட்சி தரும் மசோதா அப்போது லண்டன் பார்லிமெண்டில் இருந்தது. வடக்கே அல்ஸ்டர் மாகாணத்துப் புராட்டஸ்டண்டுகள் சுயாட்சியே கூடாது என்று தொண்டர் படை திரட்டினார்கள். அதைப் பார்த்து, சுயாட்சி வேண்டும் என்பவர்கள் 1913 நவம்பரில் டப்ளினில் ஐரிஷ் தொண்டர் படையை ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே அயர்லாந்துக்குள் ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று மன்னர் பெயரில் தடை வந்துவிட்டது.

தடையை முதலில் மீறியவர்கள் அல்ஸ்டர்காரர்கள்தான். அவர்களுக்குப் பணத்துக்குக் குறைவில்லை. ஃபானி என்ற நீராவிக் கப்பலை அமர்த்திக்கொண்டார்கள். டென்மார்க் கடலில் சுங்க அதிகாரிகள் சந்தேகப்பட்டுக் கப்பலின் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனபோது, புயலைத் துணையாகக் கொண்டு ஓடிவிட்டார்கள். நடுக்கடலில் சரக்கை வேறொரு கப்பலுக்கு மாற்றி, அதன் பெயரையும் மாற்றினார்கள். ஏப்ரல் 24-ந் தேதி இரவு லார்ன் துறைமுகத்திலும் வேறு சில இடங்களிலும் சுமார் 25,000 துப்பாக்கிகளும் 30 லட்சத்துக்குக் குறையாத தோட்டாக்களும் இறங்கின. மோட்டார் கார்கள் வரிசையாக வந்து ஏற்றிக்கொண்டு போயின. கைது என்று ஒருவரைக்கூடச் செய்யவில்லை. தடை ஒரு சாராருக்கு மட்டும்தானா என்று தெற்கே இருந்தவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

லண்டனில், சரித்திர ஆசிரியையான ஆலிஸ் ஸ்டாப்பர்ட் கிரீன் அம்மாள் வீட்டில் ஒரு கமிட்டி கூடியது. ரோஜர் கேஸ்மெண்ட் வந்தார். பிரபு குடும்பத்துப் பெண்ணான மேரி ஸ்பிரிங் ரைஸ் வந்தாள். எர்ஸ்கின் சில்டர்ஸும் அவர் மனைவி மாலியும் வந்தார்கள். எல்லாருமாகச் சேர்த்த தொகை சுமார் 1,500 பவுன். அல்ஸ்டர்காரர்களின் பணத்துக்கு முன்னால் அது வெறும் கைச்செலவு.

சில்டர்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். 1870-ல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் தாய்வழி உறவினர் வீட்டில் வளர்ந்தவர். காமன்ஸ் சபையில் குமாஸ்தா உத்தியோகம். போயர் யுத்தத்தில் பிரிட்டிஷார் பக்கம் தொண்டராகப் போய் வந்தவர். விடுமுறை கிடைத்தால் பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு வடகடலுக்குப் போய்விடுவார். அந்த அனுபவத்தை வைத்து 1903-ல் ‘மணல்களின் புதிர்’ என்ற நாவலை எழுதினார். ஜெர்மன் கரையோரத்தில் படகோட்டித் திரியும் இரண்டு ஆங்கில இளைஞர்கள், இங்கிலாந்தின் மேல் படையெடுக்க ஜெர்மனி தயாராவதைக் கண்டுபிடிக்கிற கதை. உளவு நாவல்களுக்கெல்லாம் பாட்டன் என்று அதைச் சொல்வார்கள். அவர் எழுதிய நாவல் அது ஒன்றுதான்.

மே மாதக் கடைசியில் சில்டர்ஸும் டாரல் ஃபிகிஸ் என்ற எழுத்தாளரும் ஹாம்பர்க் போனார்கள். மோரிட்ஸ் மாக்னஸ் கடையில் 1,500 மாஸர் துப்பாக்கிகளும் 40,000-க்கு மேற்பட்ட தோட்டாக்களும் பேசி முடித்தார்கள். 1871-ம் வருஷ மாதிரி, ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு தோட்டா போட வேண்டியது, சுட்டால் புகை கிளம்பும். கிழட்டுத் துப்பாக்கிதான். கொடுத்த விலைக்கு அதுதான் வரும். லார்ன் விவகாரத்துக்குப் பிறகு ஜெர்மனியில் அயர்லாந்து என்ற பெயரைச் சொல்லவே முடியவில்லை. ஆகையால் சரக்கு மெக்ஸிகோவுக்குப் போகிறது என்று சொல்லப்பட்டது.

இனிமேல்தான் கப்பல் பிரச்னை. நீராவிக் கப்பல் என்றால் வாடகை, மாலுமிகள், சரக்குப் பட்டியல், துறைமுகத்துக்குத் துறைமுகம் சுங்கச் சோதனை. மாலுமிகளில் ஒருவன் சாராயக்கடையில் வாய் திறந்தால் கதை முடிந்தது. ஷானன் நதி முகத்தில் தன் வீட்டாருக்கு வேண்டிய ஒரு பழைய மீன்பிடி படகு இருப்பதாக மேரி சொன்னாள். சில்டர்ஸ் போய்ப் பார்த்தார். கடலுக்கு லாயக்கில்லை, பழுது பார்க்கவே பணம் போய்விடும் என்று தெரிந்தது. கடைசியில், ‘என் படகையே எடுத்துக்கொள்வோம்’ என்றார்.

அந்தப் படகின் பெயர் ஆஸ்கார்டு. மாலி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பெண். கல்யாணப் பரிசாக அவள் தகப்பனார் கொடுத்த படகு அது. நார்வேயில் காலின் ஆர்ச்சர் 1905-ல் கட்டியது. நான்ஸன் வடதுருவப் பக்கம் போன ‘ஃப்ராம்’ கப்பலைக் கட்டியவரும் அவர்தான். 51 அடி நீளம். கணவனும் மனைவியும் கோடை விடுமுறைக்குக் கடலில் போகிறார்கள் என்றால் எந்த அதிகாரி நிறுத்திக் கேட்கப் போகிறான்? மாமனார் கொடுத்த சீரை இப்படி உபயோகித்த மாப்பிள்ளை உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரே படகில் அத்தனையும் கொள்ளாது. கானர் ஓப்ரையன் என்பவரின் கெல்பி என்ற படகும் சேர்ந்துகொண்டது. ஹாம்பர்கிலிருந்து பெல்ஜியக் கரைப் பக்கம் உள்ள ரூய்டிங்கன் விளக்குக் கப்பல் வரையில் ஓர் இழுவைக் கப்பல் சரக்கைக் கொண்டுவரும். அங்கே திறந்த கடலில் படகுகளுக்கு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

ஜூலை 12-ந் தேதி மாலை ஆஸ்கார்டு அங்கே போய்ச் சேர்ந்தது. படகில் ஆறு பேர். சில்டர்ஸ், மாலி, மேரி, கார்டன் ஷெப்பர்ட் என்ற நண்பர், டொனிகால் பக்கத்துக் கோலா தீவிலிருந்து வந்த இரண்டு மீனவர்கள். ஷெப்பர்ட் யார் தெரியுமா? பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி! மாலியோ சிறு வயதில் பனிச்சறுக்கில் விழுந்து கால் ஊனப்பட்டவள். கெல்பி முன்னாலேயே வந்து 600 துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பாதிக்குப் பாதி என்பது போய், 900 துப்பாக்கிகளும் 29,000 தோட்டாக்களும் ஆஸ்கார்டின் தலையில் விழுந்தன. கட்டுக் கட்டாக வைக்கோலில் சுற்றி வந்த துப்பாக்கிகளைக் கட்டுப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கைமாற்றி, நடுநிசி தாண்டியும் ஏற்றினார்கள். கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. சாமான்களை முன்பே கழற்றி எறிந்திருந்த உள்ளறையில் துப்பாக்கிகளை அடுக்கி, மேலே மெத்தை விரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் நிமிர்ந்து நிற்க இடமில்லை. துப்பாக்கிகளின் மேலேயே சாப்பாடு, துப்பாக்கிகளின் மேலேயே தூக்கம். மேரி ஒரு டைரி எழுதினாளோ, நமக்கு இவ்வளவும் தெரிகிறதோ!

டெவன்போர்ட்டுக்கு வெளியே இரவில் பிரிட்டிஷ் கடற்படைப் பயிற்சியின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். போர்க்கப்பல் ஒன்று மோதிவிடும்போல் வந்து விலகிப் போயிற்று. ஐரிஷ் கடலில் புயல் வேறு. ஆனாலும் குறித்த நாளில், ஜூலை 26 ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குப் பிறகு, டப்ளினுக்கு அருகே ஹோத் துறைமுகத்துக்குள் படகு நுழைந்தது. அடையாளமாக மேரி சிவப்புப் பாவாடை அணிந்து மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பட்டப்பகலில் இறக்கவேண்டும் என்று திட்டமிட்டவர் பல்மர் ஹாப்ஸன். 1,500 துப்பாக்கியால் சாம்ராஜ்யத்தோடு சண்டை போட முடியாது, ஊர் அறிய இறக்கினால்தான் பலன் என்பது அவர் கணக்கு. பல வாரங்களாகவே ஞாயிறுதோறும் தொண்டர்களை நடைப் பயிற்சிக்கு அழைத்துப் போய்ப் போலீஸாரின் கண்ணுக்குப் பழக்கப்படுத்தி வைத்திருந்தார். அன்றும் அப்படியே 800-க்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். அரைமணி நேரத்தில் படகு காலி.

திரும்பும் வழியில் போலீஸும் ராணுவமும் மறித்தும், தொண்டர்கள் வயல்வெளிகளில் கலைந்து ஓடியதால் சுமார் 20 துப்பாக்கிகள்தான் பறிபோயின. ஆனால் வெறுங்கையோடு முகாமுக்குத் திரும்பிய சிப்பாய்களை டப்ளின் ஜனங்கள் கேலி செய்து கல்லெறிந்தார்கள். பேச்சலர்ஸ் வாக் என்ற ஆற்றங்கரைத் தெருவில் சிப்பாய்கள் சுட்டார்கள். மூன்று பேர் செத்தார்கள், இன்னொருவர் பிறகு காயத்தினால் இறந்தார். ஹாப்ஸன் போட்ட கணக்கில் இந்த நான்கு பேரும் இல்லை. கெல்பியில் வந்த சரக்கு வேறு படகுக்கு மாறி, ஆகஸ்டு முதல் வாரத்தில் கில்கூல் கடற்கரையில் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கியது. அதற்குள் உலக யுத்தம் வந்துவிட்டது.

யுத்தத்தில் சில்டர்ஸ் என்ன செய்தார்? பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்தார்! தம் நாவலில் வர்ணித்த அதே ஜெர்மன் கரையின்மேல் 1914 கிறிஸ்துமஸ் தினத்தன்று விமானத்தில் பறந்தார், பதக்கமும் பெற்றார். அவர் இறக்கிய மாஸர்கள் 1916 ஈஸ்டர் புரட்சியில் டப்ளின் தெருக்களில் வெடித்தன. அந்தப் புரட்சியைப் பிரிட்டிஷார் அடக்கிய விதமும் அதற்குப் பின் நடந்தவையும் அவரை முழுக் குடியரசுவாதியாக்கின. 1921-ல் லண்டனில் நடந்த சமாதானப் பேச்சில் ஐரிஷ் தூதுக் குழுவுக்குக் காரியதரிசியாக இருந்தார். உருவான ஒப்பந்தத்தை அவரால் ஏற்க முடியவில்லை. உள்நாட்டுப் போரில் புதிய ஐரிஷ் அரசாங்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றார்.

1922 நவம்பர் 10-ந் தேதி, தாம் வளர்ந்த அதே விக்லோ வீட்டில் பிடிபட்டார். அவரிடம் ஒரு சின்னஞ் சிறு ஸ்பானிஷ் கைத்துப்பாக்கி இருந்தது. பழைய நாளில் மைக்கேல் காலின்ஸ் அன்போடு கொடுத்தது. அந்தக் காலின்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, புது அரசாங்கத்துக்குத் தலைவராகி, ஆகஸ்டிலேயே சுடப்பட்டு இறந்திருந்தார். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்று புது அரசாங்கம் சமீபத்தில்தான் விதி செய்திருந்தது. 900 துப்பாக்கி கொண்டுவந்தபோது வாழ்த்தினார்கள், ஒரு கைத்துப்பாக்கிக்காக ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரணம் விதித்தது. அப்பீல் விசாரணையில் இருக்கும்போதே, நவம்பர் 24-ந் தேதி அதிகாலையில், சுட்டுவிட்டார்கள். இதை என்னால் நியாயப்படுத்திச் சொல்ல முடியவில்லை. சுடவந்த சிப்பாய்கள் ஒவ்வொருவரோடும் அவர் கை குலுக்கினார். பையன்களுக்குச் சிரமமில்லாமல் இருக்கட்டும் என்று அவர்களை இரண்டடி முன்னால் வரச் சொன்னார்.

முந்தின நாள் தம்மைப் பார்க்க வந்த 16 வயது மகனிடம், இந்தத் தண்டனைக்குக் காரணமான ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கை குலுக்கவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். அந்த மகன் 1973-ல் அயர்லாந்தின் ஜனாதிபதியானார்.

படகு கைமாறிக் கைமாறிப் போயிற்று. 1961-ல் ஐரிஷ் அரசாங்கமே அதை வாங்கி ஹோத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்தது. 1914-ல் அதிலிருந்து துப்பாக்கி வாங்கித் தோளில் போட்டுக்கொண்ட வாலிபர்களில் உயிரோடு இருந்தவர்கள், தலை நரைத்துப்போய், துறைமுக மேடையில் வந்து நின்றார்கள். பிறகு பழுது பார்த்து, 2012 முதல் டப்ளினில் தேசிய மியூசியத்தின் காலின்ஸ் பாரக்ஸ் கட்டிடத்தில் தண்ணீரில்லாத தரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மைக்கேல் காலின்ஸின் பெயரைத்தான் அந்தக் கட்டிடத்துக்கு வைத்திருக்கிறார்கள்.